கோணக்கழுத்தன்

வந்திறங்கிய ஆலாக்கள், அந்த வெள்ளைக் கடற்பறவைகள் நான்கும், என் ஓரகத்தி செய்த மரப்பறவைக்குப் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தன. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். கடலோரச் சதுப்பில் குப்பை அள்ளி, முட்செடி பிடுங்கி, நடுவில் சிப்பி கொட்டி மேடு போட்டது ஊர்க்காரர்கள் நாங்களேதான். முன்பு அங்கே முட்டையிட்ட ஆலாக்கள் திரும்பி வரட்டும் என்று ஆளுக்கொரு மரப்பறவை செய்து நிறுத்தினோம். தன் இனம் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் பறக்கிறதும் இறங்குமாம். இறங்கிவிட்டால் மேட்டில் யாரும் கால்வைக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. என் பறவைக்குக் கண்ணோரக் கறுப்பைக்கூட மெல்லிய தூரிகையால் தீட்டியிருந்தேன். அவளுடையது கழுத்து சுளுக்கிய வாத்து.

"உங்களது எவ்ளோ அழகு அக்கா! என்னுது கோணக்கழுத்தன்" என்று அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளமே இல்லை; அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கல்யாணமாகி வந்த நாள் முதல் இதே கதை. நான் பார்த்துப் பார்த்துச் சமைப்பேன். அவள் அவசரத்தில் கிளறி வைத்ததை மாமியார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

"பறவைங்களுக்குக் கலைக்கண்ணு இல்ல போல" என்றார் என் கணவர், வாய் சும்மா இருக்கமாட்டாமல். டம்ளரை ணங்கென்று வைத்தேன்.

பத்து நாளாகியும் என்னுடையதன் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் விடிந்தும் விடியாமலும் போனேன். இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? என்னுடையதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு கோணக்கழுத்தன் அருகே போனதும், ஓர் ஆலா கத்திக்கொண்டு எழும்பித் தலையில் கொத்த வந்தது. குனிந்தேன். செருப்பு முனைக்கு முன்னால், சிப்பிகளுக்கு நடுவே, சிப்பி நிறத்திலேயே இரண்டு முட்டைகள்.

வந்த தடத்திலேயே கால்வைத்துப் பின்வாங்கிக் கரைக்கு வந்தேன். வெயில் ஏற ஆரம்பித்தது. ஆலா மேலேயே சுற்றியது, இறங்கவில்லை. முட்டை வெந்துவிடுமே!

"வந்துடு சனியனே, வந்து உக்காரு."

"யாரைத் திட்றீங்க அக்கா?" ஓரகத்தி பின்னால் நின்றாள். "இவ்ளோ சீக்கிரமா வந்துட்டீங்க?"

"முட்டை போட்டிருக்கு." அடுத்ததைக் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "உன்னோடது பக்கத்துல."

"ஐயோ! நம்ம மேட்டுலயா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் என் அக்குளில் இடுக்கியிருந்த பறவைக்குப் போய்த் திரும்பியது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆலா தாழ்ந்து வந்தது, மறுபடி எழும்பியது, பிறகு மெல்ல இறங்கி முட்டைகளின்மேல் அமர்ந்து, கோணக்கழுத்தனோடு ஒட்டிக்கொண்டது. அவள் என் கையை இன்னும் இறுக்கினாள். என் அழகுப் பறவையின் அலகு விலாவில் குத்திக்கொண்டே இருந்தது.