போன வருடத்துப் பொட்டு

சனிக்கிழமை காலையானால் கொரட்டூரில் எட்மண்ட் வீட்டு வாசலில் இரும்புச் சத்தம் கேட்கும். டிரைவர் துலுக்கானம் கையில் ராடுடன் லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பான். காற்று இருந்தால் ஒரு சத்தம், இறங்கியிருந்தால் வேறு சத்தம். கடைசியாக ஸ்டெப்னிக்கு ஒரு தட்டு. உள்ளே காபி குடித்துக்கொண்டிருக்கும் முதலாளி எட்மண்டுக்கு, "எல்லாம் ஷோக்கா கீது அண்ணாத்தே!" என்று குரல் கொடுப்பான்.

அந்தக் கடைசித் தட்டு பொய். மாற்று டயரான ஸ்டெப்னி லாரியின் பின்பக்கம் அடியில், சங்கிலியில் படுக்கைவசமாகத் தொங்கியது. அதைப் பார்க்க மண்ணில் மல்லாந்து உள்ளே நுழைய வேண்டும். போன மழைக்காலத்தில் பிடித்த இடுப்புவலி துலுக்கானத்தை நுழைய விட்டால்தானே? பின்சக்கரத்தையே இன்னொரு தரம் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். அட பாவி மனுஷா, வலிக்கிறது என்று சொன்னால் நாக்கு அறுந்தா விழும்? சொல்ல மாட்டான். இடுப்பு போன டிரைவரிடம் எவன் வண்டியைக் கொடுப்பான்? ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. தைலம் தேய்த்துவிடும் மனைவி ராஜம்மாவிடம்கூட, "வெளிய மூச்சு உடாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தான்.

எண்பத்தெட்டாம் வருட ஆயுத பூசை வந்தது. எட்மண்ட் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் வருடத்தில் அந்த ஒரு நாள் வண்டியை டிரைவரின் சாமிக்கு விட்டுவிடுவார். ஸ்டெப்னியையும் இறக்கி, எல்லா டயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைப்பது வழக்கம்.

"இரு, இந்த வருஷம் நானே எறக்கறேன்" என்று லுங்கியை மடித்துக் கட்டினார் எட்மண்ட்.

துலுக்கானம் அவசரமாகக் குறுக்கே வந்தான். "நீ இன்னாத்துக்கு அண்ணாத்தே, அழுக்காவப் போறே" என்றான். அதற்குள் அவர் அடியில் புகுந்துவிட்டார்.

டயர் தொப்பென்று இறங்கியது. வெளியே இழுத்து, மேல்பக்கத்துத் தூசியைத் துணியால் துடைத்தவரின் கை நின்றது. போன வருட பூசைக்கு வைத்த சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து ஒட்டியிருந்ததே தவிர அழியவில்லை. இடையில் ஒரு தரம் இறக்கி உருட்டியிருந்தாலும் அந்தப் பொட்டு தங்கியிருக்குமா? வால்வு ஊசியை அழுத்திப் பார்த்தார். புஸ் என்றுகூட ஒரு சத்தம் வரவில்லை.

எட்மண்ட் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "போன மாசம் வேளாங்கண்ணித் திருநாளுக்கு எங்க தெரு சனமே இதுலதானே ஏறிச்சு? எம் பொஞ்சாதி தெரசா, புள்ளைங்க, எல்லாரும். நடுவழியில ஒரு டயரு போயிருந்தா?"

அத்தனை குழந்தைகளும் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தது துலுக்கானத்தின் காதில் கேட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. "இடுப்பு, அண்ணாத்தே. அடியில பூந்து பாக்க முடில" என்றான்.

"எப்போலேர்ந்து?"

"போன மழைலேர்ந்து."

எட்மண்ட் சாவிக்குக் கை நீட்டினார். "நாளைக்கு நீ வர வேணாம்." அவ்வளவுதான்.

போச்சு, பிழைப்பு போச்சு என்று அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை. ராஜம்மா திட்டினாள், பிறகு அவளும் சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் கால் வீட்டில் தரிக்கவில்லை. மண்ணூர்பேட்டைத் தெருமுனைக்கு வந்தவன், நாகப்பனின் வெல்டிங் பட்டறை வாசலில் லாரி நிற்பதைப் பார்த்தான். புது டிரைவர் எவனோ ஓட்டி வந்திருக்கிறான் என்று நெஞ்சு எரிந்தது. ஆனாலும் போனான்.

கேபினுக்குப் பின்னால், வண்டியின் பக்கவாட்டில், நாகப்பன் இரும்புச் சட்டம் ஒன்றை வைத்து அளந்துகொண்டிருந்தான். ஸ்டெப்னி கீழே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இனி அது அந்தச் சட்டத்தில் நின்ற வாக்கில் இருக்கும், வால்வு வெளிப்பக்கம் பார்க்கும். காற்றுப் பிடிக்க எவனும் அடியில் நுழைய வேண்டாம்.

"வராதேன்னா வந்து நிக்கறியே!" என்றார் வண்டிக்கு மறுபக்கமிருந்து வந்த எட்மண்ட். "சரி, வந்தது வந்துட்டே. இப்படி வா. குனியாதே. நேரா நின்னு கையை இங்க வை."

வைத்தான். நாகப்பன் அந்தக் கைமட்டத்துக்கு வால்வு வருகிற மாதிரி சாக்பீஸால் கோடு இழுத்தான்.

துலுக்கானம் அந்தக் கோட்டைப் பார்த்தான். "புது டிரைவரு யாரு அண்ணாத்தே?"

"யோவ், புது டிரைவருன்னா எனக்கு எதுக்குயா இந்த வேலை? அவன் அடியில பூந்து பாத்துட்டுப் போறான். ஆனா ஒண்ணு. இனிமே நீ தட்டறப்போ நான் பக்கத்துலயே நிப்பேன்."

கோடு போட்டு முடித்து நாகப்பன் உள்ளே போய்விட்டான். துலுக்கானம் இன்னும் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.