செங்கல் ஆசனம்

தாயம்மாவுக்கு வலது முழங்கால் மடங்கவில்லை. காலையிலிருந்து மூன்று முறை மாடிப்படி ஏறிவிட்டாள். கோபாலபுரத்தில் ஒரு பங்களா மாடியில் நடக்கும் யோகா வகுப்பைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. அதற்கு முன் இருபது வருஷம் கட்டட வேலையில் சித்தாள்.

போன மாதம் வகுப்பு நடத்தும் மதுவந்தி அவளை உட்காரவைத்துக் கதை கேட்டாள். தாயம்மா சொன்னாள். குனிந்து செங்கல் எடுப்பது, தலையில் சும்மாடு வைத்து அடுக்குவது, சாரம் ஏறுவது. கடைசியில், தேனாம்பேட்டையில் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து புருஷன் ஏழுமலை விழுந்தது.

"இதை அப்படியே ஆசனங்களாக் கோக்கப் போறேன் தாயம்மா. மூச்சோட சேர்ந்து ஓடற கதை."

"செய்ங்கம்மா. கடைசில எம் புருஷன், அது பேரை மட்டும் சொல்லிடுங்க. அந்த ஆளு வேலைக்கே வர்லன்னு மேஸ்திரி போலீசாண்ட சொல்லிட்டான். கூலி நோட்லயும் பேரு இல்ல. நாலு பேரு முன்னாடி அது பேரு வர்ணும்."

"கண்டிப்பா சொல்றேன்."

இன்று அந்தக் கதைக்கு முதல் வகுப்பு. பதினெட்டுப் பேர். தாயம்மா துடைப்பத்தோடு சுவரோரம் நின்றாள்.

"குனியுங்க. இந்தச் செங்கல் உங்க கவலை. தலைக்கு மேல தூக்குங்க. இப்போ சாரம் ஏறறோம். சாரம் நம்ம ஆசை."

தாயம்மாவுக்குச் செங்கல் செங்கல்தான். நடைக்குப் பன்னிரண்டு.

"தாயம்மா, இங்க வந்து தூக்கறதைக் காட்டு."

காட்டினாள். பாதி குனிந்ததும் முழங்கால் பிடித்துக்கொண்டது. கை ஊன்றித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதுகு வளைஞ்சது பாருங்க. இப்படிப் பண்ணக் கூடாது," என்றாள் மதுவந்தி மற்றவர்களிடம்.

முன்வரிசையில் இருந்த ஜெயராம் கேட்டார்: "இருபது வருஷம் ஃப்ரீயா யோகா பண்ணியிருக்கே. அப்புறம் ஏம்மா முட்டி வலி?"

சிரித்தார்கள். யாரும் கை கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"இப்போ அவன் விழறான். இல்ல, பறக்கறான். கையை விரிங்க. அப்படியே படுங்க. சவாசனம்."

பதினெட்டுப் பேரும் மல்லாந்து படுத்தார்கள். அன்று ஏழுமலை குப்புறக் கிடந்தான், வாயெல்லாம் ஜல்லி. ஒரு பெண் அழுதாள். தாயம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேருக்காகக் காத்திருந்தாள். மணி அடித்தது. எழுந்து போனார்கள்.

"அம்மா, அது பேரு?" என்றாள் தாயம்மா.

"ஐயோ, செத்தவன் பேரைச் சொன்னா மூட் போயிடும். பேர் இல்லேன்னாத்தான் ஒவ்வொருத்தரும் தன் கதைன்னு நினைப்பாங்க."

"சொல்றேன்னீங்களே."

"சொன்னேன். எப்போன்னு சொன்னேனா? அடுத்த பேட்ச் வருது. பாய்ல இருக்கற வேர்வையைத் துடை."

துடைத்தாள்.

அடுத்த பேட்ச் குனிந்தது, தூக்கியது, ஏறியது, பறந்தது, படுத்தது. எல்லாரும் கண்ணை மூடியதும் தாயம்மா தானே சொன்னாள்: "ஏழுமலை."

"ஷ்ஷ்," என்று ஒரு பாயிலிருந்து குரல் வந்தது.

மதுவந்தி திரும்பிப் பார்க்காமல் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

வகுப்பு முடிந்தது. ஏழுமலை என்ற பெயரை மதுவந்தி நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.