ஆறு மணிக்குக் கிளம்பும் பார்வை

சேலியமேட்டு மணவாளனின் கண்பார்வை தினமும் மாலை ஆறு மணிக்கு அவரை விட்டுக் கிளம்பி, தவளக்குப்பம் கூட்டுரோடு வரைக்கும் போய்விட்டு மறுநாள் காலையில் திரும்பும். கடலூர் பஸ்ஸில் கூட்டமா இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். எதிரில் இருக்கும் சோற்றுத் தட்டுதான் தெரியாது. காலமாகிவிட்ட அவருடைய சித்தப்பாவுக்கும் இப்படித்தான். ஐம்பது வயதில் ஒருநாள் போன பார்வை திரும்பவே இல்லை. ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கரும்பு வெட்ட ஆள் கிடைக்காததுதான் அங்கே பேச்சு.

மகள் செல்வகுமாரிக்குத்தான் கவலை. தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை அரியாங்குப்பத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் நெருங்கிய சொந்தம் என்பதால் தன் பார்வையும் கிளம்பிவிடுமோ என்று ஆறு மணியானால் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பரம்பரைக் கண் நோய்களின் மரபணுக்களை ஆராயும் டாக்டர் வெரோனிகா வந்து, எல்லாரிடமும் ரத்தம் எடுத்து, வம்சப் படம் வரைந்தார். இதே நோயுள்ள இன்னொருவர் ரத்தமும் வேண்டும், வேறு யாரும் இல்லையா என்றார். இல்லை என்று குடும்பமே ஒரே குரலில் சொன்னது. வாய்க்கால் தகராறில் பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மணவாளனின் அக்காவைக் குடும்பக் கணக்கில் சேர்ப்பது அவர்கள் வழக்கமில்லை.

மகள் முகம் வாடியதைப் பார்த்து மணவாளன்தான் வாய் திறந்தார். "எங்க அக்கா தையலம்மா பார்வையும் கூட்டுரோட்டுக்குத்தாம்மா வருது. டீக்கடையாண்ட தெனம் பாக்குறேன். ரெண்டும் பேசிக்காது."

மறுநாளே செல்வகுமாரி டாக்டரை அழைத்துக்கொண்டு பாகூரில் அத்தை வீட்டுக்குப் போனாள்.

"இன்னாடி, நீயா வந்தியா, உங்கப்பன் சொன்னானா?" என்றார் தையலம்மாள்.

"அப்பாதான் அத்தை சொன்னாரு."

அதற்குப் பிறகு ஊசி குத்தியதுகூட அத்தைக்கு உறைக்கவில்லை.

நான்கு மாதத்தில் முடிவு வந்தது. அக்கா, தம்பி இருவருக்கும் பழுதான மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்திருந்தது. செல்வகுமாரிக்கு அப்பா பக்கத்தது மட்டும்; ஒன்று மட்டும் இருந்தால் நோய் வராது. அவள் பார்வை எங்கும் போகாது. மாப்பிள்ளை அன்னியம், பிள்ளைகளுக்கும் அநேகமாகப் பயமில்லை. அன்று சந்தோஷத்தில் அழுது தீர்த்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் அரியாங்குப்பத்தில் மண்டபம் பார்த்தார்கள். வரவேற்பு தவளக்குப்பம் கூட்டுரோட்டு மண்டபத்தில்தான் என்று செல்வகுமாரி ஒற்றைக் காலில் நின்றாள். அன்று ஆறு மணிக்கு அக்காவும் தம்பியும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இரண்டு பார்வையும் வழக்கம்போலக் கிளம்பின. டீக்கடை வரைக்கும் போய், சீரியல் விளக்கைப் பார்த்துத் திரும்பி மண்டபத்துக்குள் வந்தன.

"பச்சைப் பொடவையில பொண்ணு நல்லா இருக்காடா," என்றார் தையலம்மாள்.

"தெரியுதுக்கா," என்றார் மணவாளன்.