கடைசி வீட்டுக் கை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். பல்மேல் சத்தியம் செய்திருப்பேன். அது ஏற்கெனவே கொட்டிவிட்டதால் செல்லாது.

நீலப் பெட்டியில் பனிக்கட்டிகளுக்கு நடுவே தடுப்பூசி மருந்தைச் சுமந்துகொண்டு ஒரு நர்ஸ் அந்தச் சந்துக்குள் நுழைந்ததும், கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அடுத்த தெருவரை காய்ச்சல் வந்துவிட்டது. சந்தின் நடுவீட்டில் இருந்தவள் நர்ஸுடைய சொந்தத் தங்கை, மூச்சிழுப்புக்காரி. காய்ச்சல் கண்டால் தாங்கமாட்டாள்.

"தையல்காரரு வேணாம்னு சொல்லியிருக்காருக்கா," என்றாள் தங்கை, கதவிடுக்கில் ஒரு கண்ணை மட்டும் வைத்து.

"அடியே, அவரே செத்துட்டாரு. ஊசி வேணாம்னு இருந்து, இதே காய்ச்சல்லதான் போனாரு."

"ஆள்தானே போனாரு? சொன்ன சொல் அப்படியேதானே இருக்கு. அவரே வந்து போட்டுக்கச் சொல்லட்டும், போட்டுக்கறேன்."

கதவு மூடிக்கொண்டது. வீட்டுக்கு வெள்ளையடிப்பதானாலும் பிள்ளைக்குப் பெண் பார்ப்பதானாலும், தையல்காரரைக் கேட்காமல் அங்கே யாரும் துரும்பைக்கூட அசைத்ததில்லை.

நர்ஸ் சந்தின் கோடிக்குப் போய், பூட்டிக் கிடந்த அவர் வீட்டுப் படியில் பெட்டியோடு உட்கார்ந்தாள். உச்சி வெயில். உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. ஜன்னல் கம்பிகளுக்கிடையே ஒரு கை வெளியே வந்தது. சட்டைக் கை தோள்வரை மடிப்புக் கலையாமல் சுருட்டப்பட்டிருந்தது.

அவள் ஓடத்தான் எழுந்தாள். ஆனாலும் கை நீண்டால் கேட்க வேண்டியதை வாய் தானாகவே கேட்டது.

"காய்ச்சல் இருக்கா?"

"இருந்துச்சு."

"மூச்சுத் திணறல்?"

"மூச்சே இல்லம்மா."

குத்தினாள். கை பனிக்கட்டியைவிடச் சில்லென்றிருந்தது. பஞ்சை வைத்து எடுத்தாள். ரத்தப் பொட்டு இல்லை.

"அரை மணி நேரம் இங்கேயே உக்காரணும்," என்றாள்.

"உக்காந்துதான் இருக்கேன். நான் எங்கே போகப்போறேன்?" பிறகு அந்தக் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அளவெடுக்காமலே துணியை வெட்டிட்டேன். எல்லாரும் போட்டுக்குங்க."

கதவுகள் திறந்தன. வரிசையில் வந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார்கள். தங்கை கடைசியாக வந்தாள்.

"வலிச்சா உன்னை அக்கான்னே கூப்பிடமாட்டேன்."

"கூப்பிடாதே. உயிரோட இருந்து கூப்பிடாம இரு."

மருந்து தீர்ந்து நர்ஸ் திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் கை இல்லை. கம்பியில் பஞ்சு மட்டும் சிக்கியிருந்தது. தங்கை இன்றுவரை நன்றாக இருக்கிறாள், அக்காளோடு பேசுவதில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அந்தத் தையல்காரர்தான். போன வாரம் என் சட்டைக்கு அளவெடுக்கும்போது.