ஹைட்ரஜன் மாப்பிள்ளை

எழுபத்து நாலில் பெட்ரோல் விலை ஏற ஏற, எங்கள் கொல்லங்கோட்டில் புத்தி இறங்கிக்கொண்டே போனது. பொள்ளாச்சியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த இஞ்சினியர் செங்கோட்டையன், தன் பழைய பியட் கார் இனி ஹைட்ரஜனில்தான் ஓடும் என்றான்.

"புகையே இல்லீங்க மாமா. பின்னால தண்ணிதான் சொட்டும்."

என் அப்பா சென்னிமலை வாயைப் பிளந்தார். கார் கோயில்வரை ஓடினால் அன்றைக்கே நிச்சயதார்த்தம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை யார் கேட்டார்கள்?

நான் பாலக்காட்டில் ரசாயனம் படித்தவள். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரு கலத்தில் சேர்த்தால் மின்சாரம் கிடைக்கும், தண்ணீர் மிஞ்சும். விண்கலத்தில்கூட வைத்திருக்கிறார்கள். அந்த அறிவியலில் குறையில்லை, இந்த ஆளிடம்தான் குறை. கார் கூரையில் வாயு அடைத்த ரப்பர் பை, எஞ்சின் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, அதுதான் மின்சாரம் தரும் கலமாம். பெட்ரோல் டாங்கைக் கழற்றி கூடியிருந்த ஊர்ச்சனம் பார்க்கும்படி எங்கள் வாசல் வேப்பமரத்தில் மாட்டியிருந்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது.

"கரண்டுல ஓடற வண்டி எதுக்குங்க இப்படி உறுமுது?" என்று கேட்டேன்.

"அம்மிணி, கம்முனு இரு. இஞ்சினியரு அவரா, நீயா?" என்றார் அப்பா.

திருஷ்டி கழிக்காமல் வண்டியை எடுக்க விடுவார்களா? அம்மா பூசணிக்காய் மேல் சூடம் ஏற்றினாள். ஹைட்ரஜன் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்றேன். "நல்ல காரியத்துல அபசகுனமா பேசாத" என்றாள். இஞ்சினியராவது தடுத்தானா? கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

குப்பென்று பை பற்றியது. அம்மா பூசணிக்காயைப் போட்டுவிட்டு ஓடினாள். மாப்பிள்ளைக்கு ஒரு புருவம் பொசுங்கியது. கண்மூடித் திறப்பதற்குள் பை இருந்த இடம் தெரியவில்லை.

கார் மட்டும் உறுமிக்கொண்டே நின்றது.

யாருக்காவது உறைத்ததா? "பாத்தீங்களா, கேஸு போயும் ஓடுது. மாப்பிள்ளைக்கு என்னா மூளை" என்று அப்பா பூரித்தார். கோயில்வரை போகக்கூட வேண்டாமாம், நிச்சயத் தாம்பாளத்தைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா எடுத்துவந்தாள். இந்த முட்டாள்தனத்துக்கா நான் கழுத்தை நீட்டுவது?

காரின் பின்கதவைத் திறந்து சீட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு பெட்ரோல் கேன், அதிலிருந்து முன்னால் ஓடும் குழாய். பிடுங்கினேன். சற்று நேரத்தில் கார் இருமி நின்றது.

"அது அவசரத்துக்கு வெச்சதுங்க மாமா" என்றான் செங்கோட்டையன்.

அப்பா என் பக்கம் குனிந்து, "அம்மிணி, அதத் திரும்பச் சொருகு. சனம் பாக்குது" என்று முணுமுணுத்தார்.

கேனைத் தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே வைத்தேன்.

"மோந்து பாருங்க."

அம்மாதான் முதலில் குனிந்தாள். நிமிர்ந்தவள் தாம்பாளத்தோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.