ரதீசன் வீட்டுச் சனிக்கிழமைப் பனி

லண்டன் மனோர் பார்க்கில் ரதீசன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்வளவில் மே மாதத்து ஒரு சனிக்கிழமை காலை பத்து மணியளவில் பனி கொட்டத் தொடங்கியது. மூன்று பக்கப் பலகை வேலிக்குள்ளே மட்டும்தான் கொட்டியது; வெளியே ஒரு துகள்கூட விழவில்லை. பக்கத்து வளவில் றெஜினோல்ட் அண்ணை பெனியனும் சாரமுமாக நின்று தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி ரதீசன், உன்ர பக்கம் ஸ்னோ கொட்டுது, காயப்போட்ட உடுப்புக் கிடந்தா எடு" என்று குரல் கொடுத்துவிட்டு மிச்சக் கன்றுகளுக்கும் தண்ணீர் விட்டார். வெயில் அவருடைய மொட்டைத் தலையில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கிழமை பச்சைமிளகாய் ஒரேயடியாக விலை ஏறியிருந்தபடியால் ஊருக்குள் அதைப் பற்றித்தான் கூடக் கதை.

ரதீசனுக்கு உடுப்பைவிடப் பெரிய கவலை இருந்தது. அவனும் மேனுஷாவும் பிரிந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவள் மகளோடு மோர்டனில் இருந்தாள். சனிக்கிழமைகளில் மட்டும் பிள்ளையைக் காரில் கொண்டுவந்து விட்டு, மாலை ஆறு மணிக்கு வந்து கூட்டிப் போவாள். பிள்ளையின் பெயர் ஜதுர்ஷிகா, பதினொரு வயது. ஆறு நாளும் மொத்தக்கடை வான் ஓடுகிற ரதீசனுக்குப் பதினொரு வயதுப் பெண்பிள்ளையோடு ஒரு பகலை என்ன செய்வது என்று தெரியவில்லை, பாவம். அவனை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. எங்கள் ஆட்களுக்குச் சனி ஞாயிறு என்றால் காலையில் தமிழ்ப் பள்ளி, மத்தியானம் டான்ஸ் கிளாஸ், பின்னேரம் கணக்கு டியூஷன், இரவு யாரோ ஒருவரின் பிள்ளைக்குச் சாமத்தியவீடு என்கிற பூப்புச் சடங்கு. வெளியே போய்ச் சும்மா விளையாடுவது நாய் வைத்திருக்கிற வெள்ளைக்காரரின் வேலை என்றுதான் பெரியவர்கள் நினைத்திருந்தார்கள். ஆகவே தகப்பன் பீட்சா வாங்கிக் கொடுத்தான், பிள்ளை ஐபாட்டைப் பார்த்தாள், ஆறு மணியாகும்வரை இரண்டு பேரும் சோபாவின் இரண்டு நுனியில் இருந்தார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த கிழமை மேனுஷா தொலைபேசியில் சொல்லிவிட்டாள்: "ஜது 'போர்' எண்டுறாள். சமர் லீவு முடியுமட்டும் பாப்பம். அதுக்குப் பிறகும் பிள்ளைக்கு விருப்பமில்லையெண்டா நான் இழுத்துக்கொண்டு வரமாட்டன். சனிக்கிழமை டியூஷன் ஒண்டு கிடக்கு, அதில விட்டிடுவன்." ரதீசன் "ஓம்" என்றான். வேறு என்ன சொல்ல? அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

இந்த நிலைமையில்தான் பனி வந்தது. ஜதுர்ஷிகா குசினிக் கதவடியில் நின்று பார்த்தாள். பத்தேகால் அளவில் புல் மறைந்தது, பதினொரு மணிக்குள் வளவின் மூலையில் நின்ற தகரக் கொட்டிலின் கூரை மறைந்தது. கூரையிலிருந்து குசினிப் படிவரைக்கும் நல்ல சரிவாக ஒரு பனிமேடு எழும்பிவிட்டது. குளிருக்குப் போடப் பிள்ளையிடம் ஒன்றுமில்லை. ரதீசன் குளிர் அறையில் சாமான் ஏற்றும்போது போடுகிற தன்னுடைய தடித்த ஜாக்கெட்டை அவளுக்குப் போட்டு, கையை நாலாக மடித்துவிட்டு, வான் வண்டியிலிருந்து ரொட்டிப் பாண் அடுக்கும் தட்டம் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தான். அவள் கொட்டில் கூரையில் ஏறித் தட்டத்தில் குந்தி ஒரு சறுக்குச் சறுக்கினாள், ஐயோ, அந்தச் சிரிப்பு! குடும்பம் ஒன்றாக இருந்த காலத்துச் சிரிப்பு அது. ரதீசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, நீங்களும் வாங்கோ!" என்று அவள் கூப்பிட்டாள். அவன் ஒரு காலைப் படியிலிருந்து இறக்கினான். அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலால் றெஜினோல்ட் அண்ணையின் தலையும், அதற்குப் பக்கத்தில் அவருடைய பேரப்பிள்ளைகளின் மூன்று தலைகளும் தெரிந்தன. வேலிக்கு மேலால் தலை தெரிந்தால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? "உதில நிண்டு என்ன பாக்கிறியள், உள்ளுக்கு வாங்கோ அண்ணை" என்றான் ரதீசன். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியாது என்பதால் இறக்கிய காலைத் திரும்ப எடுத்துக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டான்.

அடுத்த சனிக்கிழமையும் பனி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. இடையில் வருகிற நாட்களில் அங்கே சாதாரணப் புல்தான், வெட்டவேண்டியும் இருந்தது. ஜூன் நடுவில் செய்தி வைபர் குறூப்புகளில் ஏறிவிட்டது. கார்கள் வந்தன, முருகன் கோயிலடி வரைக்கும் நிற்பாட்ட இடமில்லை. அப்டன் பார்க்கிலிருந்து குடும்பம் குடும்பமாகக் குல்லாவும் கையுறையும் போட்டுக்கொண்டு, வியர்த்து ஒழுக, பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தமிழ்ப் பள்ளி நிர்வாகம் கூட்டம் வைத்துச் சனிக்கிழமை வகுப்பை வெள்ளி பின்னேரத்துக்கு மாற்றியது. பிள்ளைகள் பனியாளைக் கட்டி நெற்றியில் விபூதி பூசினார்கள். வளவில் கிடந்த பழைய குளியல்தொட்டி உறைந்துவிட, அதில் துளை போட்டுத் தூண்டில் போட்ட பிரவீணன் என்கிற பொடியன் முழ நீளத்தில் வெள்ளை மீன் ஒன்றைப் பிடித்தான். சொதி வைத்துப் பார்த்தார்கள்; விளைமீனுக்குக் கிட்டவும் வராது என்று முடிவாயிற்று. ஒருநாள் கொட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு துருவமான் வந்து, யாரோ வைத்துவிட்டுப் போன மட்டன் ரோல்ஸை மோந்து பார்த்துத் தின்னாமல் திரும்பிப் போனது. நல்ல சைவ மான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கோயம்புத்தூர்க்கார டாக்டரம்மா வத்சலா பிள்ளைகளின் விரல்களைப் பார்த்து, "ஆமா, இது நிஜமான குளிர்தான். அரை மணிக்கு ஒரு தடவை உள்ள வந்து கை சூடு பண்ணிக்கணும்" என்று சட்டம் போட்டார். கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்து நாடா பிடித்து அளந்து, பனி முழுவதும் தனியார் எல்லைக்குள்தான் விழுகிறது, ஆகவே தங்களுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் குப்பைத்தொட்டியை நடைபாதையில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரதீசன் இந்தக் கோடை முழுவதும் குசினியில் நின்றான். தேத்தண்ணி ஊற்றினான், ஈரக் கையுறைகளை ஹீட்டரில் காயவைத்தான், வாசலுக்கு ஓடிப்போய்க் காரை எடுக்கச் சொன்னான், திரும்ப வந்து பால் முடிந்துவிட்டதென்று கடைக்கு ஓடினான். ஜதுர்ஷிகாவும் மற்றப் பிள்ளைகளோடு கொட்டில் அடியில் வரிசையில் நின்று தன்னுடைய முறைக்குச் சறுக்கினாள். யன்னல் வழியாக அவளுடைய சிவப்புக் குல்லாவை அவன் கண்டுகொள்வான், அதோடு நெஞ்சு ஆறிவிடும். பிள்ளை ஒவ்வொரு கிழமையும் வருகிறாளே, அது போதாதா? முதலில் அவள் அடிக்கடி குசினிக் கதவைத் திறந்து, "அப்பா, வாறீங்களா?" என்று கேட்பாள். "இந்தா வாறன் குஞ்சு, இந்த ஆக்களை ஒருக்காக் கவனிச்சிட்டு" என்பான். ஜூலையில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சபை சந்தி தெரிந்த பிள்ளையாக வளர்கிறாள் என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

ஓகஸ்ட் கடைசிக்குக் கிட்டிய ஒரு சனிக்கிழமை ரதீசனின் மூத்த அக்கா கமலேஸ்வரி வந்தாள். வாசலில் நிறைந்திருந்த செருப்பையும் சப்பாத்தையும் பார்த்த உடனேயே அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. "எடேய் தம்பி, இவ்வளவு சனம் வாயைப் பிளந்து பாக்குது, ஒருநாளாவது நாவூறு கழிச்சனியே? கல்லடிக்குத் தப்பினாலும் கண்ணடிக்குத் தப்ப ஏலாது." ரதீசன் சிரித்துச் சமாளித்துத் தட்டத்தோடு போய்விட்டான். அக்கா சும்மா இருக்கிற ஆளில்லை. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போடுவதுதான் முறை. ஆனால் லண்டனுக்கு வந்த புதிதில் அப்படிப் போட்டு, புகைமணி அடித்து, தீயணைப்புப் படை வந்ததிலிருந்து அவள் நெருப்பை விட்டுவிட்டு, சுற்றியதை வெளியே வீசுகிற பழக்கத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு என்றால் ஒரு பிடி போதும். ஒரு வளவுக்கு ஒரு பிடி காணுமா? கிறீன் ஸ்ட்ரீட்டில் வாங்கிய கட்டி உப்பு ஒரு பெரிய பை காருக்குள் கிடந்தது. அதை முழுவதுமாகக் கடகப்பெட்டியில் கொட்டி, மிளகாயும் சேர்த்து, வளவை மூன்று முறை சுற்றிவந்து, "ஊர்க்கண், உறவுக்கண், வந்த கண், போன கண்" என்று சொல்லிச் சொல்லி நாலு மூலைக்கும் நடுவுக்கும் வாரி வாரி எறிந்தாள்.

உப்புப் பட்டால் பனி என்னவாகும் என்று மனோர் பார்க்கில் எல்லாருக்கும் தெரியும், ஒவ்வொரு மாரிக் குளிரிலும் தெருவில் கொட்டுகிறார்கள். ஆனாலும் பக்தியாகச் செய்கிற காரியத்தை யார் தடுப்பது? எல்லாரும் கைகட்டிக்கொண்டு நின்றார்கள். அரை மணியில் பனிமேடு கரைந்து போயிற்று. விபூதி பூசிய பனியாள் இடுப்பால் ஒடிந்து விழுந்தான். முழங்காலளவு தண்ணீர் ஓடி வடிய, கீழே கருகிய புல் தெரிந்தது. மேலே வானமும் வெளித்துவிட்டது. "பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை" என்றார் றெஜினோல்ட் அண்ணை. "நான் நல்லதுக்குத்தானே செய்தனான்" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள். சனம் ஈரக் காலோடு கலைந்தது. ஆறு மணிக்கு மேனுஷாவின் கார் வந்தபோது ஜதுர்ஷிகா குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு ஏறிப் போனாள்.

அந்தக் கிழமை ரதீசன் வான் ஓடினானே தவிர மனம் அவனிடம் இல்லை. லீவு முடிய இன்னும் ஒரேயொரு சனிக்கிழமைதான் கிடந்தது. பனி போனால் பிள்ளையும் போய்விடுவாள், இனி வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது பார்க்கிற தகப்பனாகிவிடுவேன் என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வந்தது. ஏ12 ரோட்டில் சிவப்பு விளக்கில் நின்று அழுதான். அக்கா போன் எடுத்து, "பனி வந்தாலும் வரும் எண்டு சொல்லி வைச்சிரு. வரட்டும் முதலில, பிறகு பாப்பம்" என்று புத்தி சொன்னாள். அவனுக்கும் அப்படிச் சொல்ல வாய் வந்ததுதான். ஆனால் வெள்ளி பின்னேரம் மகளுக்குப் போன் எடுத்துப் பேசும்போது பொய் சொல்ல மனம் வரவில்லை. "குஞ்சு, இனி ஸ்னோ வராது போல கிடக்கு. புல்லும் செத்துப்போச்சு. அப்பாட்ட வேற ஒண்டும் இல்லை" என்றான். "ஓகே" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

சனி காலை வெயில் நன்றாக எறித்தது. ஊரில் ஒருவரும் வரவில்லை. ரதீசன் பழக்கதோசத்தில் கேத்திலைப் போட்டுவிட்டு முன் யன்னலடியில் நின்றான். பத்து மணி கழிந்து, பத்தரையும் கழிந்த பிறகு மேனுஷாவின் கார் வந்தது. பிளாக்வோல் சுரங்கத்தில் நெரிசலாம். ஜதுர்ஷிகா சாதாரணச் சப்பாத்தோடு இறங்கி, வீட்டுக்குள்ளால் நேரே போய்ப் பின்கதவைத் திறந்து மண்ணைப் பார்த்தாள்.

"அப்பா, இண்டைக்கு ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினமா?"

"இல்லையம்மா."

"றெஜினோல்ட் அங்கிள்?"

"அவர் சேர்ச்சில பூசைக்குப் போயிட்டார்."

"அப்ப ஓகே" என்று அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு தகப்பனைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க என்னோட ஒருக்காக்கூட சறுக்கேல்லை. எவ்ரி வீக் எல்லாருக்கும் டீ குடுத்தீங்க."

ரதீசனுக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மைதான். கோடை முழுவதும் கொட்டிய பனியில் அவன் ஒருநாளும் கால் வைக்கவில்லை. வெட்கத்தில் அவன் காது சிவந்துவிட்டது. "அப்பா ஒரு மொக்கன், குஞ்சு" என்றான். "அது தெரியும்" என்றாள் அவள். கேத்தில் கொதித்துக் கூவத் தொடங்கியது; அவன் போய் அதை நிற்பாட்டிவிட்டு வந்தான். "சறுக்க ஒண்டுமில்லை. பின்வேலி வரைக்கும் ஒருக்கா நடந்திட்டு வருவமா?" என்று கேட்டான். அவள் "ம்" என்றாள்.

ரதீசனின் பின்வளவு அப்படியொன்றும் பெரிதில்லை. குசினியில் தும்மினால் பின்வேலியில் இருக்கிற பூனை எழும்பி ஓடும். தகப்பனும் மகளும் பதினொரு மணிக்குப் படியிலிருந்து இறங்கினார்கள். மத்தியானம் றெஜினோல்ட் அண்ணை பூசையால் வந்து மேல் யன்னலைத் திறந்தபோது அவர்கள் கொட்டிலடிக்குக்கூட வந்திருக்கவில்லை. ஆனால் நிற்கவில்லை, நடந்துகொண்டுதான் இருந்தார்கள். பிள்ளை இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னவோ சொல்ல, ரதீசன் குனிந்து கேட்டுக்கொண்டு நடந்தான். அண்ணை சாப்பிட்டு, ஒரு கோழித்தூக்கம் போட்டு எழும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தார்கள். ரதீசன் பாண் துண்டைப் பிய்த்துப் பாதியை அவளிடம் கொடுத்தது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஆறு மணிக்கு மேனுஷா வந்து கதவைத் தட்டிக் களைத்துப்போய், அண்ணையின் வீட்டுக்கு வந்து விசாரித்தாள். "அவை பின்வேலிக்குப் போயிட்டினம் பிள்ளை. இப்பத்தான் திரும்பி வருகினம், இன்னும் அரைவாசிதான் வந்திருக்கினம். நீ இதில கதிரையில இரு" என்றார் அவர். மேனுஷா யன்னலால் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, டியூஷன் சென்ரருக்குப் போன் எடுத்து, சனிக்கிழமை இடம் தேவையில்லை, ஞாயிறு இருந்தால் தாருங்கள் என்றாள்.

புல் திரும்ப முளைத்துவிட்டது, பனி பிறகு வரவில்லை. வைபர் குறூப்புகளில் இப்போது வேறு கதை ஓடுகிறது. பச்சைமிளகாயும் விலை இறங்கிவிட்டது. ரதீசனுக்கும் ஜதுர்ஷிகாவுக்கும் வேலிவரை போய்வர இன்னமும் ஒரு முழுப் பகல் எடுக்கிறது. மேனுஷா அதைக் கணக்குப்பண்ணி ஏழு மணிக்குத்தான் வருகிறாள்.