நிலாவிலிருந்து தெரிகிற மதில்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே ஓடுகிற தனியார் பஸ்களில் ஒன்றில் மட்டும் டிக்கெட்டோடு ஒரு தகவலும் கிடைக்கும். டிக்கெட்டுக்குத்தான் காசு, தகவல் இலவசம். வேண்டாமென்றாலும் கண்டக்டர் அன்புமணி விடமாட்டார். ஜன்னலோரம் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி, டிக்கெட்டைக் கையில் திணித்து, "ஆக்டோபஸுக்கு மூணு இதயம் இருக்குது, தெரியுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். எழுந்தவர் அந்த மூன்று இதயத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இறங்குகிற வரைக்கும் விழித்துக்கொண்டு வருவார்.

அவர் தகவல்களில் பாதி மெய், பாதி புருடா. எது எந்தப் பாதி என்பது அவருக்கே தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் கிடையாது. ஆக்டோபஸ் சங்கதி மெய்தான். ஒட்டகம் திமிலில் தண்ணீர் சேர்த்து வைக்கிறது என்று அவர் அடித்துச் சொன்னது பொய். திமிலில் இருப்பது கொழுப்பு. மனிதன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் உபயோகிக்கிறான் என்பதும் பொய்தான். ஆனால் அதை அவர் சொல்லும்போது ஒவ்வொருவரும் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து ஆமாமென்று தலையாட்டுவார்கள்.

எல்லாரையும் நம்ப வைத்தது அவருடைய மீசை. மேலுதட்டை முழுக்க மூடி, இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி, நுனியில் ஒரு முறுக்கோடு நிற்கிற மீசை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அன்புமணி என்று சொன்னால் எந்த அன்புமணி என்று கேட்பார்கள். மீசைக் கண்டக்டர் என்றால் கேட்கமாட்டார்கள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவர் பெண்டாட்டி ரஞ்சனி நிமிர்ந்ததும் முதலில் பார்த்தது மீசையைத்தான், அப்புறம்தான் ஆளை. இதை அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். காலையில் எண்ணெய் தொட்டு அதை நீவிவிடும்போது அன்புமணிக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை பிறக்கும். வீடு வாசல் எல்லாம் பிற்பாடுதான், அந்த மனுஷனுக்கு அதுதான் முதல் சொத்து.

அவர் சொல்வதில் ஒன்றைக்கூட நம்பாத ஆள் ஊரில் ஒருவர் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் தாண்டவராயன். டியூபில் ஓட்டை இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் மட்டும் போதாது. தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஒட்டுப் போடுவார். அந்தத் தொழில் புத்தி எல்லா விஷயத்துக்கும் பரவிவிட்டது. அன்புமணிக்கு அவர் தூரத்து உறவில் மாமா. முறை இருப்பதால் கேலிக்கும் குறைவில்லை.

செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருந்த சமயம். ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது. இது நாள் வரை கோட்டையின் ராஜகிரி மலைமேல் ஏறிப் பார்த்திராதவர்கள்கூடத் தாங்களே கல் சுமந்து கட்டியதுபோலப் பேசினார்கள். அந்தச் சூட்டில்தான் அன்புமணியின் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்து விழுந்தது. நிலாவிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் மனிதக் கட்டுமானங்கள் இரண்டே இரண்டாம். ஒன்று சீனப் பெருஞ்சுவர், இன்னொன்று நம் செஞ்சிக் கோட்டை மதில். அன்புமணிக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று மலையையும் வளைத்துக்கொண்டு போகிற மதில் அல்லவா, தெரியாமல் எப்படி இருக்கும்? அன்றைக்கு எல்லா டிரிப்பிலும் ஆக்டோபஸுக்கு லீவு.

சாயங்காலம் டீக்கடையில் அதையே உரக்கச் சொன்னார். தாண்டவராயன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாப்ள, நிலாவுலேருந்து பாத்தா பூமியே ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான் தெரியுமாம். அதுல உன் மதிலு எங்கய்யா தெரியும்?"

"உனக்கு ஊர் மேல பாசம் இல்ல மாமா."

"பாசம் வேற, கண்ணு வேற. பொய்யின்னு தெரிஞ்சா மீசைய எடுத்துடுவியா?"

இந்தப் பக்கத்தில் மீசையைப் பந்தயத்தில் வைப்பது விளையாட்டு இல்லை. வைத்துவிட்டுப் பின்வாங்கினவனை அப்புறம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

"எடுத்துடறேன்," என்றார் அன்புமணி. "நெஜம்னா நீ இன்னா பண்ணுவ?"

"நெஜம்னா என் செலவுல பஸ் ஸ்டாண்ட் வாசல்ல உனக்குப் பேனர் வெக்கிறேன், போதுமா?"

பந்தயம் தீர்ந்த விதம்தான் வேடிக்கை. நிலாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல யாரும் தேவைப்படவில்லை. ஊரே தாண்டவராயன் மேல் பாய்ந்தது. செஞ்சியில் பிறந்து செஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கோட்டையைக் குறைத்துப் பேசுகிறாரா? தெரிந்தவர்கள் அவர் கடையைத் தாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த கடையில் பஞ்சர் ஒட்டினார்கள். மனுஷன் கொஞ்ச நாள் தாங்கினார். கடைசியில் ஒரு காலை டீக்கடைக்கு வந்து, "சரிப்பா, தெரியுது, நல்லாவே தெரியுது. நான் தோத்துட்டேன், ஆள விடுங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சொன்னபடி பேனரும் வந்தது. வலது பக்கம் கோட்டை, இடது பக்கம் கோட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக மீசையோடு அன்புமணி, நடுவில் முழு நிலா. 'நிலாவிலிருந்தே தெரியும் எங்கள் செஞ்சி.' அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத ஆள் பாக்கியில்லை. அன்புமணி அந்த வழியாக நடக்கும்போது நடையே மாறிப்போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் அவருடைய தகவல் ஒன்றை நெஞ்சில் ஏந்திக்கொண்டிருந்தது. அந்தப் பெருமையைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த வாரம் திண்டிவனத்தில் ஒரு குடும்பம் பஸ்ஸில் ஏறியது. பேனரின் படத்தைப் போனில் பார்த்துவிட்டுக் கோட்டையைப் பார்க்கவென்றே கிளம்பி வந்தவர்கள். வல்லம் தாண்டியதும் அன்புமணி வழக்கம்போல ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

"அதோ பாருங்க, கோட்டை!"

அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மலை தெரியுதுங்க. மதில் எங்க இருக்கு?"

"அதாம்மா, அந்த மலை மேலதான்."

"பாறையாத்தான தெரியுது?"

"கிட்டப் போனா தெரியும்மா," என்றார் அன்புமணி.

சொன்ன வாய் அப்படியே நின்றது. கிட்டப் போனால் தெரியும். அப்படியானால் இங்கிருந்து தெரியவில்லை. குனிந்து, ஜன்னல் கம்பியில் நெற்றி படப் பார்த்தார். மலை இருந்தது, பாறை இருந்தது. அதே பாறையை உடைத்து, அதே நிறத்தில், அதன் மேலேயே கட்டிய மதில் பாறையோடு பாறையாகக் கலந்து கிடந்தது. இத்தனை வருஷமாக இதே இடத்தில் கையை நீட்டியிருக்கிறார். நீட்டின கையைப் பார்த்தாரே தவிர, கை காட்டின இடத்தை ஒரு தடவையும் பார்க்கவில்லை. வல்லத்திலிருந்தே தெரியாத மதில் நிலாவிலிருந்து தெரியுமா? செஞ்சி வந்து சேருகிற வரை யாருக்கும் ஒரு தகவலும் சொல்லவில்லை. டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே ரஞ்சனியிடம் கேட்டார்.

"உன் போன்ல ஒண்ணு பாக்கணும். அந்தச் சீனாச் சுவரு நெஜமாவே நிலாவுலேருந்து தெரியுதா?"

ரஞ்சனி போனை எடுக்கவே இல்லை. "தெரியாது. சீனாக்காரன் ஒருத்தனே ராக்கெட்டுல மேல போயிட்டு வந்து, என் கண்ணுக்கு சுவரு தெரியலன்னு சொல்லிட்டானாம். அதுவும் நிலா வரைக்கும்கூடப் போகல, பூமியத்தான் சுத்தினு வந்தான். நிலாவுக்குப் போனவங்களும் மனுசன் கட்டுனது எதுவும் தெரியலன்னுதான் சொல்றாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ பந்தயம் கட்டுன அன்னைக்கே பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

ரஞ்சனி அவர் முகத்தைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினாள். "சொன்னா நீ மீசைய எடுத்துடுவ. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அன்புமணி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சீனச் சுவரே தெரியாதென்றால் இந்தத் தகவலில் முதல் பாதியும் பொய், இரண்டாவது பாதியும் பொய். தாண்டவராயனைத் தவிர்த்தால், பொய் என்று இப்போது ஊரில் அவருக்கும் அவர் பெண்டாட்டிக்கும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மீசை அப்படியே இருக்கும், பேனரும் இருக்கும், மரியாதையும் இருக்கும். உண்மையைச் சொன்னதற்காகக் கும்பிட்டுத் தோற்றுப்போன தாண்டவராயனும் அப்படியே இருப்பார். அந்தக் கடைசி நினைப்புதான் அவரைக் குத்தியது. வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ புருடா விட்டிருக்கிறார், இதற்கு முன் எந்தப் புருடாவாலும் ஒரு மனுஷன் தலைகுனிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்ட் கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்து, பச்சமுத்துவின் சலூனுக்குப் போனார். போகிற வழியில் பஞ்சர் கடையில் நின்று தாண்டவராயனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். என்னவோ ஏதோ என்று டீக்கடைக் கூட்டமும் பின்னாலேயே வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து, "எடு பச்சமுத்து," என்று மேலுதட்டைக் காட்டினார்.

பச்சமுத்துவுக்குக் கை வரவில்லை. "அண்ணே, இன்னாண்ணே இது?"

"நிலாவுலேருந்து செஞ்சி தெரியாது. சீனாச் சுவரும் தெரியாது. மாமா சொன்னதுதான் சரி. நான் பந்தயத்துல தோத்துட்டேன்."

வாசலில் ஒரே கூச்சல். நிலாவுக்குப் போய் யாரய்யா பார்க்கப் போகிறார்கள், விடு என்றார்கள். ஊர்ப் பெருமையை ஏன் கெடுக்கிறாய் என்றார்கள். தாண்டவராயனே முன்னால் வந்து அவர் தோளைப் பிடித்தார்.

"மாப்ள, நான்தான் தோத்துட்டேன்னு ஒத்துக்கினேனே. பேனரும் வெச்சிட்டேன். அப்புறம் ஏன்யா? உன் மீசையில எனக்கு இன்னா கோவம்?"

அன்புமணி கண்ணாடியில் கூட்டத்தைப் பார்த்தே பேசினார். குரல் பஸ்ஸில் பேசுகிற அதே குரல்தான்.

"ஏழெட்டு வருஷம் முற்றுகையைத் தாங்கின கோட்டை அது. யானை போன வழி இருக்குது, குளம் இருக்குது, அந்த உசரத்துல தானியக் களஞ்சியம் இருக்குது. அதுக்குப் போயி நான் ஒரு பொய்ய முட்டாக் குடுத்தேன் பாரு, அது எனக்குத்தான் கேவலம், கோட்டைக்கு இல்ல. நிலாவுல இருக்கிறவனுக்குத் தெரியலன்னா போவட்டும். பாக்கணும்னா இங்க வரட்டும். ஏறட்டும். மூச்சு வாங்கட்டும். அப்பத் தெரியும் அவனுக்கு, எங்க செஞ்சி இன்னான்னு!"

தாண்டவராயன் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேனருக்கு எழுத்து மாற்ற வேண்டும், அதற்கும் தானே செலவு செய்வதாகச் சொன்னார். என்ன எழுதுவது என்று அங்கேயே நாலு பேர் சேர்ந்து முடிவு செய்தார்கள். 'நிலாவிலிருந்து தெரியாது. நேரில் வாருங்கள்.' அன்புமணியின் படத்தை எடுக்கக் கூடாது, புது முகத்தோடு போட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

பச்சமுத்து கத்தியை எடுத்தான். இருபது வயதில் விட்ட மீசை ஈரத் துணியில் கொத்துக் கொத்தாக விழுந்தது. அன்புமணி கண்ணை மூடவில்லை. மீசைக்குக் கீழே இருந்த உதடு வெயிலே படாமல் வெளுத்துப்போய், யாரோ தெரியாத ஆளுடையதுபோல இருந்தது. ரஞ்சனி எப்போது வந்தாளோ, வாசல் ஓரத்தில் நின்றிருந்தாள். கண்ணாடியில் அவர் பார்வை அவள்மேல் பட்டது. அழுவாள் என்று பயந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். இது என் புருஷன் என்று சொல்கிற பார்வை அது.

பச்சமுத்துவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, காதருகில் குனிந்து ஆறுதல் சொன்னான்.

"கவலப்படாதண்ணே. செரைச்ச எடத்துல முன்னவிட ரெண்டு மடங்கு அடர்த்தியா வளரும். எல்லாரும் சொல்றதுதான்."

கூட்டம் முழுக்க ஆமாமென்று தலையாட்டியது. உலகத்தில் உள்ள தகவல்களிலேயே இந்த ஒன்று மட்டும் மெய்யாக இருக்கக் கூடாதா என்று அன்புமணிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வெறும் உதட்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

"அதுவும் பொய்யிதான் பச்சமுத்து. எவ்ளோ இருந்துச்சோ அவ்ளோதான் வரும். எனக்கு அது போதும்."